புது ஸ்ட்ரட் என்று பணம் வாங்கிப் பழையதை மாட்டினால்: கழற்றுவதற்கு முன் ஒரு நிமிடம்

கேள்வி: பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்து விவசாயம் செய்கிறேன். தோப்பு மணலில் போய்வர 2010 மாடல் ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டி இருக்கிறது. அதன் முன்பக்க ஸ்ட்ரட் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) இரண்டும், மேலே உள்ள திருகைத் திருப்பினால் கடினமாகவோ மென்மையாகவோ மாறும் அட்ஜஸ்டபிள் வகை. உப்புக் காற்றில் துருப்பிடித்துத் திருகு இறுகிவிட்டதால், 2024 அக்டோபரில் புதுச்சேரியில் உள்ள ஒரு ஒர்க்‌ஷாப்பில் இரண்டையும் மாற்றினேன். "அதே மாடல் புதுசு வருது" என்று வாட்ஸ்அப்பில் எஸ்டிமேட் அனுப்பினார்கள். ஜிபேயில் 72,000 ரூபாய் கட்டினேன். பில் தரவில்லை. 2025 பிப்ரவரியில் இடது ஸ்ட்ரட்டில் ஆயில் கசிந்தது. கடலூரில் ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, இவை பழைய ஸ்ட்ரட்டைப் பிரித்துச் செய்த ரீகண்டிஷன் என்றும், வண்டியை இரண்டு அங்குலம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். புதுச்சேரிக்கே வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். இப்போது 9,500 ரூபாய் கொடுத்தால்தான் வண்டி என்கிறார்கள். ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் ஓட்டியதால்தான் கசிவு என்றும் சொல்கிறார்கள். ஆகஸ்டில் ஆர்.சி. 15 வருடம் முடிகிறது. உயரம் மாறினால் புதுப்பிக்க மாட்டார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். நான் என்ன செய்வது?

பதில்: ஐயா, முதலில் வண்டியை வெளியே எடுக்கிற வழியைப் பார்ப்போம். உங்கள் வழக்கின் சாட்சியே அந்த இரண்டு ஸ்ட்ரட்தான். அது எதிர்த்தரப்பின் கொட்டகையில் இருக்கும்வரை உங்களுக்கு நல்லதில்லை.

மெக்கானிக் வண்டியைப் பிடித்து வைப்பதைச் சட்டம் ஓரளவுக்கு அனுமதிக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவுப்படி, ஒரு பொருளின் மீது உழைப்போ திறமையோ செலுத்தி வேலை செய்தவர், அந்த வேலைக்கான கூலி வரும்வரை அதைத் தன்னிடம் வைத்திருக்கலாம். ஆனால் அந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். பழைய பாக்கி, இனிமேல் வரப்போகிற செலவு என்று சேர்த்துக்கொள்ள முடியாது. எல்லாப் பாக்கிக்கும் பொருளைப் பிடித்துவைக்கும் பொது உரிமையை 171-வது பிரிவு வங்கி போன்ற ஒரு சிலருக்குத்தான் தருகிறது, மெக்கானிக் அதில் இல்லை. (வக்கீல்களான எங்களுக்கே, ஃபீஸ் வரவில்லை என்று கட்சிக்காரரின் ஃபைலைப் பிடித்துவைக்கும் உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-ல் சொல்லிவிட்டது.) கசிவைப் பார்க்கத்தான் வண்டியை விட்டீர்கள், அதற்குக் கூலி பேசவே இல்லை என்றால் இந்த 9,500 ரூபாயே விவாதத்துக்கு உரியதுதான்.

ஆனாலும் கட்டிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். பணமாகக் கொடுக்காமல் வங்கி வழியாக அனுப்பி, அதே நிமிடம் வாட்ஸ்அப்பில், "இந்தத் தொகையை ஒப்புக்கொள்ளவில்லை, வண்டியை மீட்பதற்காக எதிர்ப்புடன் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதுங்கள். பிறகு வழக்கில் இதையும் சேர்த்துக் கேட்கலாம். கட்டவே மனம் வரவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(8) பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்கலாம். ஆனால் அதற்கு ஆகும் நாட்களில் தோப்புக்கு எதில் போவீர்கள்?

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். டூப்ளிகேட் சாவியோடு இரவில் போய் வண்டியை ஓட்டிவருவது. நம் வண்டிதானே என்று தோன்றும். திருட்டுக்கான சட்டப் பிரிவிலேயே இதற்கென்று ஓர் உதாரணம் இருக்கிறது: கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொடுத்தவர், கூலி பாக்கிக்காகக் கடைக்காரர் சட்டப்படி வைத்திருக்கும்போது அதை எடுத்துக்கொண்டு போனால், அது திருட்டு. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 378-வது பிரிவில் இருந்த இது, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-வது பிரிவில் இருக்கிறது. சொந்தப் பொருளையே திருடிய குற்றம் வரும்.

வண்டியை எடுக்கப் போகும்போது கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். கிலோமீட்டர் மீட்டர், இரண்டு ஸ்ட்ரட்டின் உடம்பில் அடித்திருக்கும் பார்ட் நம்பர், கசிவு இருக்கும் இடம், வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் உள்ள இடைவெளி எல்லாவற்றையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். உங்கள் பழைய ஸ்ட்ரட்டுகளையும் கேளுங்கள். அவை உங்கள் சொத்து. தூக்கிப் போட்டுவிட்டோம் என்றால் அதை எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவற்றையே பிரித்து, ஆயில் சீல் (கசிவைத் தடுக்கும் வளையம்) மாற்றி, பெயின்ட் அடித்து, திரும்ப உங்களுக்கே மாட்டியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

இப்போது வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். சேவையில் குறைபாடு என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 2021-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வாகன வழக்குகளில் பலர் தோற்பது இங்கேதான். கோபத்தில் வேறு கடைக்குப் போய், குறையுள்ள பாகத்தைக் கழற்றி வீசிவிட்டுப் புதியதை மாட்டிக்கொண்டு, அப்புறம் வக்கீலைத் தேடி வருவார்கள். ஆணையம் கேட்கிற முதல் கேள்வி, "அந்தப் பாகம் எங்கே?" என்பதாக இருக்கும். கடலூர் மெக்கானிக் வாய்வார்த்தையாகச் சொன்னது போதாது. போட்டிக் கடைக்காரர் அப்படித்தான் சொல்வார் என்று எதிர்த்தரப்பு ஒரே வரியில் ஒதுக்கிவிடும்.

ஆகவே, ஒர்க்‌ஷாப்புக்கு ஒப்புகை அட்டையுடன் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நுகர்வோர் வழக்குக்கு நோட்டீஸ் கட்டாயமில்லை, ஆனால் இந்த விஷயத்தில் அது பெரிய உதவி செய்யும். பணத்தைத் திருப்பிக் கேட்பதோடு, "இன்ன தேதியில், இன்ன இடத்தில், சுதந்திரமான பொறியாளர் முன்னிலையில் ஸ்ட்ரட்டுகளைக் கழற்றிப் பரிசோதிக்கிறோம், நீங்களும் வந்து பார்க்கலாம்" என்று எழுதுங்கள். வந்தால் அவர்கள் முன்னால் நடக்கும். வராவிட்டால், அழைத்தும் வரவில்லை என்பது பதிவாகும். பொறியாளராக வாகனச் சேதங்களை மதிப்பிடும் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவரையோ, சார்ட்டர்டு இன்ஜினியர் ஒருவரையோ அமர்த்துங்கள். கழற்றிய ஸ்ட்ரட்டுகளைச் சாக்கில் கட்டி, சீல் வைத்து, கையெழுத்து வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வழக்குப் போட்ட பிறகு, நுகர்வோர் சட்டத்தின் 38(2)(c) பிரிவின் கீழ் அவற்றை ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி ஆணையத்தையே கேட்கலாம். அதற்கான கட்டணத்தை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும்.

பொறியாளரிடம் பொதுவாக "நல்லதா, கெட்டதா" என்று கேட்காதீர்கள். பார்ட் நம்பரின் மேல் புதுப் பெயின்ட் இருக்கிறதா, பிஸ்டன் ராடில் பழைய கீறல் உண்டா, உடம்பை அறுத்து மறுபடி வெல்டு வைத்த தடம் தெரிகிறதா, திருகைத் திருப்பும்போது எதிர்ப்பு மாறுகிறதா அல்லது வெறுமனே சுழல்கிறதா என்று கேளுங்கள். அட்ஜஸ்டபிள் என்பதில் இரண்டு வேலை இருப்பதையும் அறிக்கையில் பிரித்து எழுதச் சொல்லுங்கள். உள்ளே ஆயில் போகும் துவாரத்தைக் கூட்டிக் குறைத்துக் கடினத்தை மாற்றுவது ஒன்று. ஸ்பிரிங் உட்காரும் தட்டை மரையில் ஏற்றி இறக்கி வண்டியின் உயரத்தை மாற்றுவது மற்றொன்று. உங்கள் வண்டியில் இருந்தது முதல் வகை. இரண்டாவது வகையை மாட்டிவிட்டு, "அட்ஜஸ்டபிள்தானே கேட்டீங்க, அதுதான் போட்டிருக்கோம்" என்று சொல்ல வாய்ப்பிருக்கிறது. எஸ்டிமேட்டில் "அதே மாடல்" என்று இருப்பது இந்த இடத்தில் உங்களைக் காப்பாற்றும்.

வெள்ளக் கதைக்கும் அதே அறிக்கைதான் பதில். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததும், அதன்பின் தென்பெண்ணையில் வெள்ளம் வந்து கடலூர்ப் பகுதியை மூழ்கடித்ததும் ஊருக்கே தெரியும். அதனால் இந்த வாதம் கேட்பதற்குப் பொருத்தமாகவே இருக்கும். சேற்று மணல் ராடில் ஒட்டி, ஆயில் சீலைக் கிழிப்பது நடக்கக்கூடியதும்தான். ஆனால் ராடை மூடும் டஸ்ட் பூட் சரியாகப் போட்டிருந்தால் அது அவ்வளவு சுலபமில்லை. பூட் போடாமல் விட்டிருந்தால் அது ஒர்க்‌ஷாப்பின் குறைதான். கசிந்த ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வண்டி உண்மையிலேயே தண்ணீரில் நின்றிருந்தால் உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள். டிசம்பரில் வெள்ளச் சேதத்துக்கு இன்சூரன்ஸ் கேட்டிருந்தால் அந்த விண்ணப்பமும் ஒருநாள் வெளியே வரும்.

உங்கள் தரப்பில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. கம்பெனியே அந்தப் பாகத்தை நிறுத்திவிட்ட பழைய மாடல்களுக்கு ரீகண்டிஷன் ஸ்ட்ரட் போடுவது உலகம் முழுக்க நடக்கிற வேலை, தவறில்லை. சொல்லிவிட்டுச் செய்தால் வழக்கே இல்லை. எனவே அந்த வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும், குறிப்பாக வாய்ஸ் மெசேஜ்களை, ஒருமுறை கேளுங்கள். "புதுசு கிடைக்கலைன்னா ரெடி பண்ணதாவது போட்டுக் குடுங்க" என்று நீங்களே எங்காவது சொல்லியிருந்தால் வழக்கு பாதி போச்சு. அப்படி இல்லை என்றால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(47) பிரிவுப்படி, ரீகண்டிஷன் பொருளைப் புதியது என்று சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. பில் தராததும் அதே பிரிவில் வருகிறது. பில் இல்லாதது உங்கள் பலவீனம் என்று நினைக்காதீர்கள். பணம் போனதற்கு ஜிபே பதிவு இருக்கிறது, என்ன பேசினார்கள் என்பதற்கு எஸ்டிமேட் இருக்கிறது. அந்த போனை மாற்றவோ, ரீசெட் செய்யவோ வேண்டாம்.

தோப்புக்குப் பயன்படும் வண்டி, அதனால் வணிக நோக்கம், நீங்கள் நுகர்வோரே இல்லை என்றும் ஒரு வாதம் வரும். சுயதொழிலில் பிழைப்புக்காகப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று சட்டத்தின் விளக்கமே சொல்கிறது. இதை ஒவ்வொரு வழக்கின் சூழலையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வண்டியை வாடகைக்கு விடாதவரை கவலையில்லை.

எங்கே வழக்குப் போடுவது? பழைய 1986 சட்டம் என்றால் புதுச்சேரிக்கு அலைய வேண்டியிருந்திருக்கும். இப்போது 2019 சட்டத்தின் 34-வது பிரிவின்படி புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே போடலாம். கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் போதும், யூனியன் பிரதேசம் என்று அவர்கள் தப்பிக்க முடியாது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருப்பதால் ஆணையக் கட்டணம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் இணையவழியாகவும் தாக்கல் செய்யலாம். கால வரம்பு 2 வருடம். கசிவு தெரிந்த நாளிலிருந்து கணக்கிடலாம் என்று வாதாட இடமுண்டு, ஆனாலும் ஸ்ட்ரட் மாட்டிய நாளிலிருந்தே எண்ணி 2026 அக்டோபருக்கு முன் போட்டுவிடுவது பத்திரம். ஆணையத்தின் நோட்டீஸ் கிடைத்ததும் எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தர வேண்டும், ஆணையம் இன்னும் 15 நாள்தான் கூட்டித்தர முடியும். 46-வது நாள் வந்து நின்றால் பதிலை ஏற்க முடியாது என்று அரசியல் சாசன அமர்வே 2020-ல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 72,000 ரூபாய், எதிர்ப்புடன் கட்டிய 9,500, பொறியாளர் செலவு, அலைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை, வழக்குச் செலவு, இவ்வளவு கேளுங்கள். மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்று எழுதித் தரும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்ததும் மற்ற எண்களின் மீதும் சந்தேகம் வரும்.

கடைசியாக ஆர்.சி. விஷயம். தேய்ந்த ஸ்ட்ரட்டை அதே வகை ஸ்ட்ரட்டால் மாற்றுவது வெறும் பராமரிப்பு, அதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். உயரத்தைக் கூட்டுவது அப்படியல்ல. தயாரிப்பாளரின் அளவுகளுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் கேரளாவிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019-ல் இதைக் கண்டிப்பாகவே படித்தது. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 182A(4) பிரிவின் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். இதில் சிக்கிக்கொள்வது உரிமையாளர்தான். "மெக்கானிக் செய்தது, எனக்குத் தெரியாது" என்பதை நோட்டீஸில் இப்போதே எழுதி வைத்தால்தான் பிறகு சொல்ல முடியும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும், சொல்லாமல் செய்த மாற்றம் என்பது பணத்தை மறுக்க ஒரு நல்ல சாக்கு.

அதனால் உயரத்தைப் பழையபடி இறக்கத்தான் வேண்டும். ஆனால் பரிசோதனைக்கு முன் இறக்கினால் சாட்சி போய்விடும், இறக்காமல் ஆர்.டி.ஓ. அலுவலகம் போனால் சிக்கல் வரும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தை, படிவம் 25-ஐ, ஆர்.சி. முடிவதற்கு 60 நாட்களுக்குள்தான் கொடுக்க முடியும், அதாவது ஜூனுக்கு மேல்தான். எனவே நோட்டீஸை இந்த மாதமே அனுப்பி, பரிசோதனையை மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். அப்புறம் வேறு நல்ல இடத்தில் சரியான ஸ்ட்ரட்டை இரண்டு பக்கமும் ஜோடியாக மாட்டி, உயரத்தை இறக்கி, அலைன்மென்ட்டும் ஹெட்லைட் கோணமும் சரிபார்த்துவிட்டு விண்ணப்பத்தோடு போங்கள். இந்த முறை பில் போடச் சொல்லி வாங்குங்கள், அந்த பில்லும் உங்கள் புகாரில் ஓர் ஆவணம்.