ஐடிஐ ஃபிட்டர் முடிச்சாச்சு, துப்பாக்கி ரிப்பேர் தொழில் எங்க கத்துக்கிறது?

ஒரு தம்பி கேட்டிருக்காரு: ரெண்டு வருஷ ஃபிட்டர் முடிச்சுட்டேன், துப்பாக்கி ரிப்பேர் கத்துக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, எங்க போறது? காலமான தாத்தாவோட பழைய ரெட்டைக்குழல் வீட்ல இருக்கு, அத பிரிச்சு மாட்டி பழகலாமா?

தொடாதீங்க தம்பி. லைசென்ஸ்காரர் காலமாயிட்டா துப்பாக்கிய ஸ்டேஷன்லயோ லைசென்ஸ் உள்ள டீலர்கிட்டயோ ஒப்படைச்சிடணும், அப்புறமா வாரிசு பேருக்கு அப்ளை பண்ணலாம், இத இந்த வாரமே செஞ்சிடுங்க. 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவுல துப்பாக்கி செய்றது விக்கிறது மட்டுமில்ல, ரிப்பேர் பண்றதுக்கும் லைசென்ஸ் வேணும்னு இருக்கு, இல்லாம பண்ணா 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 7 வருஷம், ஆயுள் தண்டனை வரைக்கும் போகலாம். பேரலை, அதாவது குழலை, வெட்டி குட்டையாக்குறதும் அதே அளவு வம்பு தான். ஆர்வத்துல ஆரம்பிச்சு வாழ்க்கைய தொலைச்சிடாதீங்க.

இனி வழிக்கு வரேன். உங்க கையில இருக்குற ஃபிட்டர் சர்டிபிகேட் தான் இந்தத் தொழிலுக்கு சரியான வாசல். திருச்சியில 1966ல இருந்து ஆர்டினன்ஸ் ஃபேக்டரி, அதாவது படைக்கு ஆயுதம் செய்யுற அரசு தொழிற்சாலை இருக்கு, கான்பூர் ஸ்மால் ஆர்ம்ஸ் ஃபேக்டரி, வங்காளத்துல இச்சாபூர் ரைபிள் ஃபேக்டரி எல்லாம் அதே குடும்பம் தான், அப்ரண்டிஸ் அறிவிப்பு வரும்போது விடாம போடுங்க. அங்க முழு துப்பாக்கியும் உங்க கைக்கு வராது, ஒரு பார்ட்டோ ஒரு மிஷினோ தான் கொடுப்பாங்க, ஆனா கேஜ்னு சொல்ற அளவு பாக்குற கருவிய வச்சு அளந்து பழகுற ஒழுக்கம் வேற எங்கயும் கிடைக்காது. இன்னொரு வழி ராணுவம், அதுல ரிப்பேர் வேலை பாக்குற இ.எம்.இ பிரிவுல ஆர்மரர்னு ஆயுதம் சரிபாக்குறதுக்கு தனி டிரேடே இருக்கு, ஆனா எந்த டிரேடு கிடைக்கும்னு நம்ம முடிவு பண்ண முடியாது.

மூணாவது, எனக்கு ரொம்பப் பிடிச்சது, லைசென்ஸ் உள்ள பழைய ஆயுதக் கடையில மேஸ்திரிகிட்ட போய் சேர்றது. சம்பளம் கம்மியா தான் இருக்கும், மொத கொஞ்ச காலம் துடைக்கிறது எண்ணெய் போடுறது தான் வேலை, பொறுத்துக்கோங்க. அங்க போனா மொதல்ல பாக்க வேண்டியது ஸ்குரூ. பழைய இங்கிலீஷ் துப்பாக்கியில ஸ்குரூ தலையில இருக்குற காடி முடி மாதிரி மெல்லிசா இருக்கும், கடையில வாங்குற ஸ்குரூ டிரைவர் நுனி ஆப்பு மாதிரி சரிவா இருக்குறதால அடி வரைக்கும் இறங்காது, திருப்பின உடனே வழுக்கி தலைய சிதைச்சிடும், அதனால அந்தந்த காடிக்கு ஏத்த மாதிரி நுனிய ரெண்டு பக்கமும் இணையா தீட்டி வச்சுப்பாங்க. நல்ல மேஸ்திரியோட பெட்டியில இப்படி தீட்டினதே வரிசையா கிடக்கும், தலை சிதைஞ்ச ஸ்குரூவ பாத்தாலே அவசரக்காரன் கை பட்டிருக்குன்னு கண்டுபிடிச்சிடுவாங்க. துப்பாக்கியோட மரக்கட்டையில இரும்பு பாகத்த உட்கார வைக்கிறதும் அப்படித்தான், இரும்புல கரி பூசி கட்டையில வச்சு எடுத்து, கரி ஒட்டின இடத்த மட்டும் உளியால சீவி, திரும்ப வச்சு திரும்ப சீவி, பூரா இடமும் சமமா ஒட்டுற வரைக்கும் போகும்.

வருமானம்னு பாத்தா வேட்டை துப்பாக்கிய மட்டும் நம்பாதீங்க, ஷூட்டிங் கிளப் பக்கம் போங்க. 10 மீட்டர் போட்டிக்கு வர்ற ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் எல்லாம் குழல் அளவு 4.5 மி.மீ தான், குண்டு வெளிய வர்ற சக்தியும் 20 ஜூலுக்குள்ள இருக்குறதால வச்சிருக்க ஆயுத லைசென்ஸ் கேக்குறதில்ல, ஆனா சீல் தேயும், காத்து கசியும், டிரிக்கர் இழுக்குற பளு மாறிப்போகும். ஏர் பிஸ்டல் டிரிக்கர் 500 கிராம் எடையாவது விடுபடாம தாங்கணும், 25 மீட்டர் பிஸ்டல்னா 1000 கிராம், மேட்ச் அன்னிக்கு எடைக்கல்ல தொங்கவிட்டு தூக்கிப் பாப்பாங்க, நிக்கலன்னா அத சரிபண்ணிட்டு வந்தா தான் உள்ள விடுவாங்க. காத்து சிலிண்டருக்கும் 10 வருஷம் தான் ஆயுசு. இதெல்லாம் தெரிஞ்ச ஒரு ஆள் பக்கத்துல இருந்தா கோச்சுங்க விடவே மாட்டாங்க.

வெளிநாட்டுல ஆஸ்திரியாவோட ஃபெர்லாக், அமெரிக்காவுல கொலராடோ டிரினிடாட் மாதிரி ஊர்கள்ல இதுக்குன்னே படிப்பு இருக்கு, செலவு அதிகம், கை பழகினப்புறம் யோசிச்சா போதும்.

அதுவரைக்கும் வீட்ல அரம் பிடிங்க. ஒரு இரும்புத் துண்டுல சதுர ஓட்டை போட்டு, இன்னொரு துண்ட அதுக்குள்ள எந்தப் பக்கம் திருப்பி விட்டாலும் வெளிச்சம் தெரியாம இறங்குற மாதிரி அரத்தாலயே ராவி எடுங்க, அப்ரண்டிஸ் இன்டர்வியூவுக்கு போறப்ப அத கையோட கொண்டு போங்க.