வீட்டை ஒழுங்குபடுத்தினாலும் சில நாளிலேயே ஏன் மறுபடி அடைசலாகிறது?

அடைசல் என்றால் வீட்டுக்குள் வந்தும் தனக்கென்று இடம் கிடைக்காத பொருள். மேசையில் கிடக்கும் கரண்ட் பில், நாற்காலியில் தொங்கும் ஒருமுறை போட்ட சட்டை, ஜவுளிக்கடைக் கட்டைப்பை, இவை எங்கே போக வேண்டும் என்று யாரும் முடிவு செய்யாததால் கை எட்டிய இடத்தில் உட்கார்ந்துவிடுகின்றன.

பொருள் தினமும் உள்ளே வருகிறது, வெளியே போவதோ போகி சமயத்தில் மட்டும். எல்லா நிறுத்தத்திலும் ஆள் ஏறி யாருமே இறங்காத டவுன் பஸ் மாதிரிதான்.

ஜப்பான் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் இடத்தை ஒழுங்காக வைக்கக் கடைப்பிடிக்கும் ஐந்து படி '5எஸ்' முறையில் முதல் படி 'செய்ரி', அதாவது வேண்டாததைப் பிரித்து அகற்றுவது. 'செய்டன்' எனும் அடுக்கும் வேலை அதற்கு அப்புறம்தான். நாம் பெரும்பாலும் நேராக அடுக்கப் போய்விடுகிறோம், அங்கேதான் உழைப்பெல்லாம் வீணாகிறது.

சரி, எங்கே தொடங்குவது? சமையலறையில். மசாலா பாக்கெட்டுகளில் காலாவதித் தேதி இருக்கிறது, பார்த்ததும் முடிவெடுக்கலாம். அம்மாவின் பழைய புடவை, ஆல்பம் எல்லாம் கடைசியில், அவசரமே இல்லை. வாசல் பக்கம் ஒரு பை வைத்து, வேண்டாதது கண்ணில் பட்டதும் அதில் போடுங்கள். நிறைந்ததும் தேவைப்படுபவருக்கோ பழைய பேப்பர் கடைக்கோ கொடுத்துவிடுங்கள்.

இன்னொரு பீரோ வாங்கினால் தீர்ந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். கழிக்காமல் வாங்கினால் அதுவும் சீக்கிரமே நிறைந்துவிடும்.