அலுவலகத்துக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கலாமா?

கேள்வி: சிறிய அளவில் மொத்த வியாபாரம் தொடங்குகிறேன். பில்லிங், ஸ்டாக், கணக்கு எல்லாம் பார்க்க என்னையும் சேர்த்து நான்கு பேர். கையில் முதல் குறைவு. ஒரு பெரிய நிறுவனம் கழித்துவிட்ட ஐந்து லேப்டாப்புகள் மொத்தமாக வந்திருக்கின்றன. ‘எல்லாமே ஐ5, 16 ஜிபி ரேம், விண்டோஸ் 11 ஓடுகிறது, ஏ கிரேடு’ என்கிறார் விற்பவர். லேசர் பிரின்டர், பில் பிரின்டர், ரவுட்டர், யுபிஎஸ், கார்டு மெஷின் ஆகியவற்றையும் பழையதாகவே தருகிறாராம். எதை நம்பி வாங்குவது?

பதில்: லேப்டாப்புகளை வாங்கலாம், சில விஷயங்களைச் சோதித்த பிறகு. லேசர் பிரின்டரும் பில் பிரின்டரும் அவற்றின் நிலையைப் பொறுத்தது. ரவுட்டரும் கார்டு மெஷினும் வேண்டவே வேண்டாம்.

பெரிய நிறுவனங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் லேப்டாப்பை மாற்றிவிடும். குத்தகைக் காலமோ உத்தரவாதமோ முடிந்திருக்கும், அவ்வளவுதான். மெஷினில் கோளாறு இருக்க வேண்டும் என்பதில்லை. திங்க்பேட், லேட்டிட்யூட், எலைட்புக் போன்ற அலுவலக மாடல்கள் உழைப்பதற்கென்றே செய்யப்பட்டவை. கீல் உறுதியாக இருக்கும், பல மாடல்களில் அடிமூடியைத் திருகு கழற்றி நீங்களே திறக்கலாம், உதிரி பாகங்களும் கிடைக்கும். அதே காசுக்குக் கிடைக்கும் புது மலிவு லேப்டாப்பைவிட இவற்றையே நான் பரிந்துரைப்பேன்.

‘ஏ கிரேடு’ என்ற பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் மேல்மூடியில் கீறல் உண்டா இல்லையா என்பதைத்தான் சொல்கிறது. எல்லா வியாபாரிகளுக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் அதற்குக் கிடையாது.

‘ஐ5’ என்ற இன்டெல் ப்ராசசர் பெயரும் பாதி விவரம்தான். 2010-இல் வந்த லேப்டாப்பும் ஐ5, பல ஆண்டுகள் கழித்து வந்ததும் ஐ5. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். ஐ5-7200யு என்றால் ஏழாம் தலைமுறை. ஐ5-8250யு என்றால் எட்டாம் தலைமுறை. எண் 1-இல் தொடங்கினால் முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்: 10210யு பத்தாம் தலைமுறை, 1135ஜி7 பதினோராம் தலைமுறை. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவே ஒரு கோடு விழுந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறை முதலான ப்ராசசரும் வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் லேப்டாப்புகள்தான் இப்போது சந்தையில் மலிவாகக் குவிகின்றன.

‘ஆனால் விண்டோஸ் 11 ஓடுகிறதே’ என்பார் உங்கள் ஆள். ஓடும். விண்டோஸின் தகுதிச் சோதனையைத் தாண்டி வலிந்து ஏற்றும் வழிகள் இருக்கின்றன. அப்படி ஏற்றிய மெஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வாடிக்கையாளர் கணக்கு வைத்திருக்கும் கம்ப்யூட்டரில் பாதுகாப்பு அப்டேட் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட்டின் பிசி ஹெல்த் செக் என்ற இலவசச் செயலியை ஓட்டினால் அந்த மெஷின் தகுதியானதா என்று அதுவே சொல்லிவிடும். ஏஎம்டி ப்ராசசராக இருந்தால் எண்ணைப் பார்த்து ஊகிக்கவே வேண்டாம், நேரே இந்தச் செயலிக்குப் போய்விடுங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. அதில் நானே மாட்டியிருக்கிறேன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் இதே போல ஒரு தொகுதி லேப்டாப் வாங்கினேன். எல்லாம் நன்றாக ஓடின. மூன்று மாதம் கழித்து ஒன்று மெதுவானது. சுத்தமாக ரீசெட் செய்துவிடலாம் என்று செய்தேன். செட்டப் திரையில் வைஃபையை இணைத்ததும், நான் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனத்தின் பெயர் வந்து நின்றது. உங்கள் அலுவலக மின்னஞ்சலைக் கொடுத்து உள்ளே வாருங்கள் என்றது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டேன். மறுபடியும் அதே திரை.

இதற்குக் காரணம் விண்டோஸ் ஆட்டோபைலட். நிறுவனங்கள் தங்கள் லேப்டாப்பின் வன்பொருள் அடையாளத்தையே மைக்ரோசாஃப்ட்டிடம் பதிந்து வைத்திருக்கும். டிஸ்க்கை மாற்றினாலும் அந்தப் பதிவு போகாது. அந்த நிறுவனம் நீக்கினால்தான் உண்டு. விற்பவர்கள் பலர் இணைய இணைப்பே இல்லாமல் செட்டப்பை முடித்து, டெஸ்க்டாப் திரையோடு கையில் கொடுப்பார்கள். அதனால் வாங்கும் நாளில் பூட்டு கண்ணில் படாது. சிலர் தெரியாமலும் செய்கிறார்கள்.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன், விற்பவர் முன்னிலையிலேயே ஒவ்வொரு லேப்டாப்பையும் முழுதாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, முதல் செட்டப்பைக் கடந்து வாருங்கள். ஐந்துக்கும் சேர்த்து அரை நாள் ஆகலாம், ஆகட்டும். ‘ஒன்றைப் பார்த்தால் போதும், எல்லாம் ஒரே லாட்’ என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எனக்கு மாட்டியதும் அந்த லாட்டில் ஒன்றே ஒன்றுதான்.

கூடவே பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் ஓடும் அடிப்படை அமைப்பு) நுழைந்து பாருங்கள். ஆன் செய்யும்போது எஃப்1, எஃப்2, எஃப்10 என்று மாடலுக்கு ஒரு பொத்தான் இருக்கும். பாஸ்வேர்டு கேட்டால் அதை நீக்கித் தரச் சொல்லுங்கள். அவருக்கும் தெரியாது என்றால் அந்த மெஷின் வேண்டாம். சில மாடல்களில் மதர்போர்டையே மாற்றினால்தான் அது போகும். பழைய மேக்புக், ஐபோன் வாங்கினாலும் இதே கதைதான்: பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு வெளியேறியிருக்க வேண்டும், ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ திரை வரக் கூடாது. ஆண்ட்ராய்டு போனிலும் ரீசெட்டுக்குப் பிறகு பழைய கூகுள் கணக்கைக் கேட்டால் அது பூட்டிய போன்.

பேட்டரி தேய்ந்துதான் இருக்கும். எவ்வளவு என்பதை விண்டோஸே சொல்லும்: கமாண்ட் பிராம்ப்டில் powercfg /batteryreport என்ற கட்டளையால் பேட்டரி ரிப்போர்ட் எடுங்கள். புதிதாக இருந்தபோதைய கொள்ளளவு 50,000 மில்லிவாட்-அவர், இப்போது முழு சார்ஜில் 31,000 என்று இருந்தால் 62 சதவீதம் மிச்சம். மேசையில் பிளக்கோடு வைத்தே வேலை செய்வதென்றால் அது போதும். டச்பேடு மேலெழும்பி இருந்தாலோ, சமமான மேசையில் வைத்தால் அடிப்பகுதி ஆடினாலோ பேட்டரி உப்பியிருக்கிறது என்று அர்த்தம். அதைச் சார்ஜில் போடவே கூடாது.

கோப்புகளைச் சேமிக்கும் டிஸ்க்கான எஸ்எஸ்டியின் நிலையை கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற செயலி காட்டும். அதில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று பாருங்கள். ஆண்டுக்கு 8,760 மணி நேரம்தான். அலுவலக நேரம் மட்டும் ஓடிய லேப்டாப் மூன்று ஆண்டில் எட்டாயிரம் வாக்கில் காட்டும்; இருபத்தைந்தாயிரம் காட்டினால் இரவு பகலாக ஓடியது. என் வழக்கம், டிஸ்க் எப்படி இருந்தாலும் புது எஸ்எஸ்டி போட்டுவிடுவது. உங்கள் கணக்குகள் எல்லாம் அதில்தானே இருக்கப்போகின்றன.

‘ஆஃபீஸும் போட்டே தருகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது உரிமம் இல்லாத பிரதியாக இருக்கவே வாய்ப்பு அதிகம், கூடவே என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது. விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இறக்கி நீங்களே சுத்தமாக ஏற்றுங்கள். விண்டோஸோடு விற்ற மெஷின் என்றால் உரிமச் சாவி பயாஸிலேயே இருக்கும், தானாக ஆக்டிவேட் ஆகிவிடும்.

இனி மற்றவை. லேசர் பிரின்டரில் கான்ஃபிகரேஷன் பக்கம் ஒன்றை அச்சிடச் சொல்லுங்கள்; இதுவரை எத்தனை பக்கம் அடித்தது என்று அதிலேயே இருக்கும். காரின் கிலோமீட்டர் மாதிரி. தேய்ந்துபோகும் பாகங்களான டிரம், ஃபியூசர் மாற்ற என்ன செலவாகும் என்று விசாரித்து, அதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பில் பிரின்டரில் முழு அகலத்துக்குக் கறுப்பு வரும்படி ஒரு சோதனைச் சீட்டு எடுங்கள். நீளவாக்கில் வெள்ளைக் கோடு ஓடினால், முதலில் அச்சுத் தலையைத் துடைத்துப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் தலையில் ஒரு புள்ளி செத்துவிட்டது. இங்க்ஜெட் யாராவது இலவசமாகக் கொடுத்தாலும் யோசிப்பேன்.

யுபிஎஸ்ஸின் லெட்-ஆசிட் பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுதான் வரும். புது பேட்டரி விலையையும் கூட்டிப் பார்த்தால் பெரும்பாலும் புதுசே வாங்கிவிடலாம் என்று இருக்கும். ரவுட்டருக்கு வயதானால் தயாரித்தவர்கள் அப்டேட் தருவதை நிறுத்திவிடுவார்கள். உங்கள் முழு நெட்வொர்க்கும் அதன் வழியாகத்தான் போகிறது. கார்டு மெஷினுக்குள் வங்கி அல்லது கட்டணச் சேவை நிறுவனம் ஏற்றிய ரகசியச் சாவிகள் இருக்கும். அது ஒரு வணிகரின் கணக்கோடு கட்டப்பட்டது, வேறொருவர் கைக்கு மாறிப் பயன்படாது. யாராவது உள்ளே திருத்தியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. அதை உங்கள் வங்கியிடமே கேட்டு வாங்குங்கள்.

பில்லில் ஒவ்வொரு லேப்டாப்பின் சீரியல் எண்ணும் தனித்தனியாக இருக்கட்டும். அடியில் ஒட்டிய எண்ணும் பயாஸில் காட்டும் எண்ணும் அதோடு ஒத்துப்போக வேண்டும். அந்த எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டால் உத்தரவாதம் எப்போது தொடங்கியது என்று தெரியும். விற்பவர் சொல்லும் வயதை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நீங்கள் நான்கு பேர்தான் என்றாலும், சோதனையில் தேறினால் ஐந்தையும் எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தும் ஒரே மாடலாக இருந்தால். ஐந்தாவது மெஷின் அலமாரியில் இருக்கட்டும். பில்லிங் நடுவில் ஒரு கீபோர்டோ திரையோ போனால் அதிலிருந்து கழற்றிப் போடலாம், அல்லது மெஷினையே மாற்றி வைத்துவிட்டு வேலையைத் தொடரலாம். இப்போதைக்கு விற்பவரிடம் ஐந்தின் அடிப்பக்க ஸ்டிக்கரையும், ப்ராசசரின் முழு எண் தெரியும் திரையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படம் வந்தால் போய்ப் பாருங்கள். திரும்பவும் ‘எல்லாம் ஐ5தான்’ என்றே பதில் வந்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.