வெளிக் கம்பெனிப் பாகங்கள்: உருமாறும் ரோபோக்களுக்கான கேள்வி பதில்

உருமாறும் ரோபோ பொம்மைகளுக்கு (ஃபிகர்) வெளிக் கம்பெனிகள் விற்கும் கை, கால், துப்பாக்கி, இடைவெளி மூடும் துண்டு, விளக்கு, ஸ்டிக்கர் பற்றிச் சிங்கப்பூர் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்; கேள்விக்கு முன்னால் இருப்பது கேட்டவரின் வட்டாரம். அதற்கு முன்னால் ஒன்று: பாகம் பொருந்தவில்லையென்றால் வாங்கிய பாகத்தை (கிட்) தேயுங்கள், ஃபிகரில் கத்தி வைக்காதீர்கள். கிட் கெட்டால் இன்னொரு கிட் வாங்கலாம். தயாரிப்பு நின்றுபோன ஃபிகரின் தோளை மட்டும் எந்தக் கடையில் போய்க் கேட்பது?

தெம்பனிஸ்: அண்ணே, சீஜ் ஃபிகருக்கு வாங்கின துப்பாக்கி கையில ஏறவே மாட்டேங்குது. சுடுதண்ணியில போட்டுத் தள்ளிடலாமா?

தள்ளாதீர்கள். சீஜ் என்ற பொம்மை வரிசையில் உடம்பு முழுக்க இருக்கும் துளைகள் 5 மி.மீ. அளவு. கிட்டின் முளை 5.15 இருந்தால் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் துப்பாக்கியைப் பிடிக்கும் கைமுட்டியின் சுவர் மெல்லியது, அந்த 0.15ஐத் தாங்காது. முதலில் வெர்னியரால் முளையை இரண்டு திசையில் அளந்து பாருங்கள். அச்சில் வார்த்த முளை பெரும்பாலும் நீள்வட்டமாக இருக்கும், நடுவில் வார்ப்புக் கோடும் ஓடும். அந்தக் கோட்டைக் கத்தி முதுகால் சுரண்டினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். மீதிக்கு 600 எண் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து முளையைச் சுற்றிப் பிடித்து, பத்துச் சுற்றுச் சுற்றி, துடைத்து, மாட்டிப் பாருங்கள். விரல் அழுத்தத்தில் ஏற வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் விழக்கூடாது. அதோடு நிறுத்திவிடுங்கள்.

சுடுதண்ணீர் வேறு வேலைக்கு. வளைந்துபோன மென்மையான பிவிசி வாளை வெந்நீரில் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் போட்டால் நேராக நிற்கும். முளை விஷயத்தில் அது உதவாது.

கைமுட்டியில் வெள்ளைக் கோடு தெரிந்தால் அங்கே பிளாஸ்டிக் ஏற்கெனவே இழுபட்டுவிட்டது. ஹேர் டிரையர் காட்டினால் கோடு மங்கும், ஆனால் போன வலு திரும்பாது.

ஜூரோங் வெஸ்ட்: கம்பைனர் வார்ஸ் கூட்டு ரோபோவுக்குப் புதுக் கை கால் வாங்கணும். எது நல்லது?

2015இல் வந்த அந்த வரிசையில் சின்ன ரோபோக்கள் சேர்ந்து ஒரு பெரிய ரோபோ ஆகும்; அவற்றோடு வரும் துண்டுதான் கையாகவும் பாதமாகவும் மாறும். பாதமாக வைத்தால் ரோபோ ஆடும், கையாக வைத்தால் விரல் அசையாது. அதனால்தான் இந்த வரிசைக்கு வெளிக் கம்பெனிகள் இவ்வளவு கிட் விட்டன. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், எடையைப் பாருங்கள். பாதம் கனமாக இருக்கலாம், கை கனமாக இருக்கக் கூடாது. கை 30 கிராம் கூடினால் தோள் மூட்டு அந்த எடையைக் கை நீளத்தின் முனையில் சுமக்கும், சில வாரத்தில் கை தொங்கிவிடும். பாதத்தில் மூன்றைக் கவனியுங்கள்: குதிகால் பின்னால் நீண்டிருக்கிறதா, கணுக்கால் பக்கவாட்டில் சாய்கிறதா, அந்தச் சாய்வு 'டக் டக்'கென்று பிடிக்கும் ராட்செட்டா வெறும் உராய்வா. பெரிய ரோபோவுக்கு உராய்வு மூட்டு போதாது.

பிடோக்: தலையை மாத்தணும், திருகாணி தேஞ்சு போச்சு.

திருப்புளி தப்பு. இந்த ஃபிகர்களில் பல சமயம் ஜப்பானியத் தர (ஜேஐஎஸ்) திருகாணி இருக்கும். சாதாரண பிலிப்ஸ் முனை அதில் முழுசாக உட்காராமல் மேலே ஏறி வழுக்கும். ஜேஐஎஸ் 0 முனை வாங்குங்கள். தேய்ந்த தலை மேல் அகலமான ரப்பர் பட்டையை வைத்து அழுத்தித் திருப்பினால் பல சமயம் வந்துவிடும். திரும்ப மாட்டும்போது முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தத்தோடு பழைய புரியில் விழும், அப்புறம் வலப்பக்கம் முறுக்குங்கள். நேரே முறுக்கினால் புதுப் புரி வெட்டும், மூன்றாவது தடவை துளை பொடியாகும்.

ஹவ்காங்: திருகாணி இல்ல அண்ணே, உலோகக் கம்பி. அடிச்சு எடுக்கலாமா?

எடுக்கலாம், திசை தெரிந்தால். பெரும்பாலான கம்பியின் ஒரு முனையில் வரி வரியாக வெட்டு இருக்கும், மற்ற முனை வழவழவென்றிருக்கும். வழவழப்பான முனையில் அடித்து வரி முனையை முதலில் வெளியே தள்ள வேண்டும். தலைகீழாக அடித்தால் அந்த வரிகள் துளை முழுவதையும் அராவிக்கொண்டே போகும், பிறகு கம்பி நிற்காது. கம்பியைவிடக் கொஞ்சம் ஒல்லியான பஞ்ச் (கம்பியைத் தட்டித் தள்ளும் உலோகக் குச்சி) எடுத்துக்கொள்ளுங்கள். கீழே துளையிட்ட மரக்கட்டை வைத்துச் சின்னச் சின்னத் தட்டாகத் தட்டுங்கள். வரி எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் தொடவே வேண்டாம்.

ஈசூன்: பால் ஜாயின்ட் தளர்ந்துடுச்சு. கிளியர் நெயில் பாலிஷ் பூசுனா போதும்னு எல்லாரும் சொல்றாங்களே?

சொல்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன். நெயில் பாலிஷில் இருப்பது எத்தில் அசிட்டேட், பியூட்டில் அசிட்டேட். இரண்டும் ஃபிகரின் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். நீர் கலந்த அக்ரிலிக் வார்னிஷ் வாங்குங்கள், பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும். மூட்டின் பந்தை அதைக் கவ்வும் கிண்ணத்திலிருந்து கழற்றி, மெல்லிய ஒரு பூச்சு, இரவு முழுக்கக் காயவிட்டு, மாட்டிப் பார்த்து, போதாவிட்டால் இன்னொன்று.

செங்காங்: மன்னிக்கணும் அண்ணே, பத்து வருஷமா நெயில் பாலிஷ்தான் போடுறேன். அந்தக் கரைப்பான் அஞ்சு நிமிஷத்துல ஆவியாயிடும். ஒண்ணும் ஆகல.

பந்தை வெளியே எடுத்து மெல்லியதாகப் பூசிக் காயவிட்டால் கண்ணுக்குத் தெரியும் கேடு வராது, ஒப்புக்கொள்கிறேன். பந்து திடமான கட்டி, எந்த இழுவிசையும் அதன்மேல் இல்லை. கிண்ணம் அப்படியில்லை. பந்தைக் கவ்விப் பிடிக்க அதன் சுவர் எப்போதும் கொஞ்சம் விரிந்தே நிற்கும். இழுவிசையில் இருக்கும் ஏபிஎஸ் மேல் கரைப்பான் பட்டால் அதே இடத்தில் விரிசல் விடும். பெரும்பாலானவர்கள் மூட்டைக் கழற்றாமல் இடுக்கில் தூரிகையை விடுகிறார்கள், கரைப்பான் உள்ளே மாட்டிக்கொள்கிறது. நீங்கள் கழற்றிப் பூசுகிறீர்கள், அதனால் தப்பித்தீர்கள். கேட்பவர் கழற்றுவாரா என்று எனக்குத் தெரியாதபோது அந்த வழியை எப்படிச் சொல்லிக் கொடுப்பேன்?

கிளமெண்டி: அப்போ சூப்பர் குளூ? அது காய்ஞ்சா கெட்டி.

கெட்டிதான். ஆனால் காயும்போது வரும் ஆவி பக்கத்துக் கண்ணாடிப் பாகத்தில் (தெளிந்த பிளாஸ்டிக்) வெள்ளைப் பனிபோலப் படியும். ஈரத்தில் இறுகும் பசை இது, நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும், பூசிச் சமப்படுத்த நேரம் கிடைக்காது. பூச்சு அதிகமாகிவிட்டால் எடுக்க அசிட்டோன் வேண்டும், அசிட்டோன் பட்டால் ஏபிஎஸ் கூழாகும். வார்னிஷ் அதிகமானால் அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் போதும். திரும்பி வர வழி இருக்கிற முறையைத்தான் நான் எப்போதும் சொல்வேன்.

செங்காங்: ஆனா சில பந்துல வார்னிஷ் ஒட்டவே மாட்டேங்குது, தோலா உரிஞ்சு வருது.

சரியான கவனிப்பு. அது ஏபிஎஸ் இல்லை, நைலான் அல்லது பிஓஎம் என்ற பிளாஸ்டிக். தொட்டால் மெழுகுபோல வழுக்கும். அதில் வார்னிஷ், நெயில் பாலிஷ், பசை எதுவும் நிற்காது. சாப்பாட்டுக் கிண்ணம் மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளில் ஒரு சின்னச் சதுரம் வெட்டி மூட்டின் கிண்ணத்தின் மேல் விரித்து, பந்தை அதோடு சேர்த்து அழுத்துங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிடுங்கள். இந்த ஒரு விஷயத்தில் நானும் நீங்களும் ஒரே பக்கம்தான்.

உட்லண்ட்ஸ்: தளர்ந்த மூட்டுக்கு எந்தப் பசை அண்ணே?

மேலே நான்கு பதில்களும் அதுதான். படியுங்கள்.

புக்கிட் பாத்தோக்: ராட்செட் மூட்டுக்கும் வார்னிஷா?

இல்லை. அது பல்லும் ஸ்பிரிங்கும். பூசினால் பல் நிரம்பிப் பிடி போய்விடும். திறந்து திருகாணி தளர்ந்திருக்கிறதா பாருங்கள். திறக்கும்போது முழுவதையும் ஒரு வெளிப்படையான பிளாஸ்டிக் பைக்குள் வைத்துத் திறந்தால் ஸ்பிரிங் சோபாவுக்கு அடியில் போகாது.

பொங்கோல்: 3டி பிரிண்டரில் நாமே பாகம் அடிச்சா?

இடைவெளி மூடும் துண்டுக்கு நன்றாக இருக்கும், முளைக்கு வேண்டாம். ரெசின் முளை வளையாது, ஒடிந்து துளைக்குள் மாட்டிக்கொள்ளும். பிஎல்ஏ என்ற பிரிண்டர் பிளாஸ்டிக் 60 டிகிரியை ஒட்டி இளகும், வெயிலில் நிறுத்திய காரில் விட்டால் வளைந்துவிடும். ரெசினைத் தேய்ப்பதென்றால் ஈரமாகவே தேயுங்கள், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. பொருந்தவில்லையென்றால் அச்சடித்ததைத் தேயுங்கள், ஃபிகரை அல்ல.

தோ பாயோ: கண்ணுக்கு எல்இடி போடணும்.

வெள்ளை எல்இடிக்குச் சுமார் 3 வோல்ட் வேண்டும், 1.5 வோல்ட் எல்ஆர்41 பொத்தான் பேட்டரி இரண்டு. எல்இடியும் மெல்லிய எனாமல் கம்பியும் சிம் லிம் டவரில் கிடைக்கும். பேட்டரி மூடி திருகாணியால் மூடப்பட்டிருக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் பொத்தான் பேட்டரி விழுங்கும் ஆபத்து, இதில் சமரசம் வேண்டாம்.

சுவா சூ காங்: வெளிநாட்டுல வாங்குனா வரி?

2024 முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 400 வெள்ளிக்குள் உள்ள பொருளுக்கும் 2023 முதல் உண்டு, பதிவுபெற்ற விற்பனையாளர் வாங்கும்போதே வசூலிப்பார். மற்றதைச் சுங்கத்துறையிடம் கேளுங்கள்.

அங் மோ கியோ: நிஜத் துப்பாக்கி அளவுல மாறுற ரோபோவை வரவழைக்கலாமா?

நகல் துப்பாக்கிக்கு இங்கே கட்டுப்பாடு உண்டு. ஆர்டர் போடுவதற்கு முன் காவல்துறை உரிமப் பிரிவிடம் கேளுங்கள். என்னிடம் அல்ல.

பாசிர் ரிஸ்: 1990ஐ ஒட்டி வந்த பழைய ரோபோ, தங்க நிறம் மினுமினுக்கும். அதுக்கு ஒரு கிட் இருக்கு.

மாட்டாதீர்கள். அந்தக் காலத்துத் தங்க நிறத் தூள் கலந்த பிளாஸ்டிக் தானாகவே நொறுங்கும் தன்மை கொண்டது. கம்பி தட்டினாலோ மூட்டை மடக்கினாலோ தூளாகலாம். ரோபோ நிலையிலேயே அலமாரியில் நிறுத்துங்கள்.

பிடோக்: பெட்டியில வச்ச பிவிசி கை பிசுபிசுன்னு ஒட்டுது.

பிவிசியை மென்மையாக்கும் எண்ணெய் வெளியே வருகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்பால் கழுவி நன்றாகக் காயவையுங்கள். காற்றுப் புகாத பையில் போட்டால் இன்னும் மோசமாகும். பிவிசி டயரோ கையோ கண்ணாடிப் பாகத்தைத் தொட்டபடி மாதக்கணக்கில் இருந்தால் அந்த இடத்தையே இளக்கிவிடும், இடையில் ஒரு காகிதம் வையுங்கள்.

ஈசூன்: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுல ஸ்ப்ரே அடிக்கலாமா?

பொது நடைபாதையில் வேண்டாம், அண்டை வீட்டாருக்கு வாடை. மழை நாளில் லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் ஈரம் உள்ளே சிக்கிப் பூச்சு வெள்ளையாகப் பூக்கும். நீர் அக்ரிலிக்கைத் தூரிகையில் பூசுங்கள். உரசும் இடங்களில் பூசவே வேண்டாம், பூச்சின் தடிமனும் மூட்டை இறுக்கும்.

தெம்பனிஸ்: ஸ்டிக்கர் ஓரம் எழும்புது.

ஒட்டும் இடத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் ஒரே ஒரு தடவை துடையுங்கள், பெயின்ட் உள்ள இடத்தைத் தொடாமல். பாத்திர சோப்பு ஒரு துளி கலந்த நீரை மெல்லத் தடவி, ஸ்டிக்கரை இடுக்கியால் வைத்து நகர்த்திச் சரிசெய்யுங்கள். நடுவிலிருந்து ஓரத்துக்கு நீரைப் பஞ்சு முனையால் தள்ளுங்கள். மடிப்பின்மேல் ஒட்ட வேண்டியிருந்தால் ஸ்டிக்கரைக் கோட்டோடு வெட்டி இரண்டாக ஒட்டுங்கள். நம் ஈரப்பதத்தில் பசை பிடிக்க நேரமாகும், 24 மணி நேரம் உருமாற்றாதீர்கள்.