கைகட்டி நிற்பவன் என்ன வகை?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்ட ஆபீசில் கிராணியாக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது நேர்காணலில் நானும் உட்காருவேன். போன மாதம் எங்களை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். முகத்தையும் உடல்மொழியையும் பார்த்தே ஒருவர் எந்த வகை ஆள் என்று சொல்லிவிடலாமாம். கை கட்டினால் மனத்தைத் திறக்காதவர், கண்ணைப் பார்க்காவிட்டால் பொய்யர், புருவம் சுருங்கியிருந்தால் கோபக்காரர். பேச்சில் சொல்லுக்கு 7 விழுக்காடுதான் மதிப்பு, மீதி 93ம் குரலும் உடலும் என்றார்கள். அடுத்த வாரமே ஸ்டோர் வேலைக்கு வந்த ஒரு தம்பிக்கு, தலை குனிந்தே பதில் சொன்னான் என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டேன். அன்றிலிருந்து மனசு உறுத்துகிறது. ஆனால் முகமே எல்லாம் காட்டிவிடும் என்று வள்ளுவரும் சொல்கிறாரே?

- ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மனசு உறுத்தியது நியாயம்தான். அந்தத் தம்பி தலை குனிந்ததில் அவன் குணம் எதுவும் தெரியவில்லை. பெரியவர்கள் முன்னால் எப்படி நிற்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொடுத்தது தெரிகிறது, அவ்வளவுதான்.

தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் நின்ற தலைமுறையை நினைத்துப் பாருங்கள். விடியுமுன்பே பேர் கூப்பிடுவார்கள். துரை முன்னால், பெரிய கிராணி முன்னால் கைகட்டி, பார்வையைத் தாழ்த்தி நிற்க வேண்டும். நிமிர்ந்து கண்ணைப் பார்த்தால் திமிர் பிடித்தவன் என்று பேராகிவிடும். லயத்து வீட்டிலும் அதே பாடம்தான்: பெரியவங்க பேசும்போது முறைச்சுப் பாக்காதே. குடும்பங்கள் தோட்டத்தை விட்டுத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளுக்கு வந்த பிறகும் பிள்ளைகளின் உடம்பில் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது. நாமே பழக்கிவிட்ட மரியாதையை, அவன் வேலை கேட்டு வரும்போது ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று எழுதிக் கழிப்பது அநியாயம். இதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

புருவத்துக்கு வருவோம். குலை வெட்டுகிறவர்கள் நாள் முழுக்க அண்ணாந்தே வேலை செய்கிறார்கள். நீளக் கம்பின் நுனியில் அரிவாள், மட்டைகளுக்கு நடுவே கண்ணைக் குத்தும் வெயில், வெட்ட வெட்ட முகத்தில் கொட்டும் தூசி. ஆண்டுக்கணக்கில் கண்ணை இடுக்கி இடுக்கி நெற்றியில் இரண்டு கோடு ஆழமாக விழுந்துவிடும். பாக்கி கேட்க வந்தவர் மாதிரி இருக்கும் அந்த முகத்தோடுதான் பேரப்பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் கொஞ்சிவிட்டுப் போவார். உங்கள் பயிற்சியாளர் அவரை எந்த வகையில் சேர்ப்பார்?

அந்த 93 விழுக்காட்டுக் கதை 1967இல் ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் செய்த ஆய்வுகளிலிருந்து வருவது. ஒற்றைச் சொல்லை வெவ்வேறு குரலில் கேட்கவைத்தும், முகப் படங்களைக் காட்டியும், பேசுகிறவருக்குப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்னார்கள். சொல் ஒன்றும் குரல் ஒன்றுமாக முரண்படும் இடத்துக்கான கணக்கு அது. எல்லாப் பேச்சுக்கும் அது பொருந்தாது என்று அவரே சொல்லியிருக்கிறார். பொய்யைக் கண்டுபிடிக்கும் திறமையும் அப்படித்தான். அதைப் பற்றிய ஆய்வுகளை எல்லாம் 2006இல் பாண்ட், டிபாலோ என்ற இரண்டு உளவியலாளர்கள் சேர்த்துப் பார்த்தபோது, மனிதர்கள் 100க்கு 54 முறைதான் சரியாகச் சொல்லியிருந்தார்கள். காசைச் சுண்டிப் போட்டாலே 50 வந்துவிடும்.

முகத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது என்று நான் சொல்லவில்லை. பால் எக்மன் என்ற உளவியலாளர் 1960களில் பாப்புவா நியூகினியின் ஃபோரே மக்களிடம் போய், மகிழ்ச்சி, சோகம், கோபம், பயம் போன்றவற்றை எல்லா ஊர் மனிதர்களும் முகத்தில் அடையாளம் காண்கிறார்கள் என்று வாதிட்டார். 2019இல் லிசா ஃபெல்ட்மன் பாரெட்டும் இன்னும் நால்வரும், அதற்குப் பின் வந்த ஆராய்ச்சிகளை அலசி, ஒரே உணர்ச்சி ஆளுக்கு ஆள், சூழ்நிலைக்குச் சூழ்நிலை வேறு வேறாக முகத்தில் வருகிறது, அதனால் முகத்தை மட்டும் வைத்து உணர்ச்சியை உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை. ஆனால் அது முழுக்க அந்த நேரத்து உணர்ச்சியைப் பற்றியது. ஒருவரின் குணம் அதைவிட எவ்வளவோ தள்ளி இருக்கிறது.

வள்ளுவரிடம் வருகிறேன். ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்.’ உண்மைதான். ஆனால் இது அமைச்சியலில், குறிப்பறிதல் அதிகாரத்தில் வருகிறது. அரசன் முன்னால் நிற்கும் அமைச்சன், இப்போது அவர் கோபமாக இருக்கிறாரா, பேசலாமா என்று தெரிந்துகொள்வதற்கு. பெரட்டில் நின்ற நம் ஆட்கள் துரை முகத்தைப் பார்த்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்களே, அந்தத் திறமை. ஆளைத் தேர்ந்தெடுக்கும் இடம் வேறு, அது தெரிந்துதெளிதல். அங்கே அவர் முகத்தைப் பார்க்கச் சொல்லவில்லை: ‘பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்.’ ஒருவர் பெரியவரா சிறியவரா என்பதற்கு அவரவர் செயல்தான் உரைகல் என்கிறார். தங்கச்சி, நீங்கள் உட்கார்ந்திருப்பது மேசைக்கு இந்தப் பக்கம். உங்களுக்கு உரியது இரண்டாவது குறள்தான்.

அதனால் அந்தத் தம்பியை மறுபடி கூப்பிடுங்கள். மேனேஜரிடம் நீங்களே பேசுங்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விகளை வையுங்கள். உர மூட்டைக் கணக்கு ஒன்றைக் கொடுத்து, இருப்பைச் சரிபார்க்கச் சொல்லுங்கள். ஸ்டோர் வேலைக்கு வேண்டியது அதில் தெரிந்துவிடும்.

முகத்தைக் கவனிக்கும் பழக்கத்தையும் விட வேண்டாம். அது உதவுவது நாள்தோறும் பார்க்கும் ஆட்களிடம்தான். எப்போதும் கலகலவென்று இருக்கும் அக்கா நாலு நாளாகப் பேசவில்லை என்றால் ஏதோ இருக்கிறது. என்ன என்பதை முகம் சொல்லாது, கேட்டால்தான் தெரியும். ஆபீசுக்குள் எதிரே உட்காரவைத்துக் கேட்காதீர்கள். வேலை முடிந்து அவர் மோட்டார்சைக்கிள் எடுக்கப் போகும்போது கூடவே நடந்துகொண்டு கேளுங்கள். முகத்துக்கு முகம் பார்க்காமல் பக்கத்தில் நடக்கும்போது நம்மவர்கள் நன்றாகவே பேசுவார்கள்.

அன்புடன்.