சொல்லி முடிக்கவில்லையே

அன்புள்ள ஐயாவுக்கு,

திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிறேன். சி மொழியில் ஒரு சிறு பயிற்சி: முதலில் ஓர் எண்ணைக் கேட்க வேண்டும், பிறகு 'இன்னும் தொடரவா?' என்று கேட்டு ஓர் எழுத்தை வாங்க வேண்டும். விசையில் அடிப்பதை வாங்கும் ஸ்கான்எஃப் சார்புக்குள் எண்ணுக்கு %டி, எழுத்துக்கு %சி என்று போட்டிருக்கிறேன். எண்ணை ஒழுங்காக வாங்குகிறது. இரண்டாம் கேள்வி திரையில் தெரிகிறது. நான் விசையில் கை வைப்பதற்குள் அதைத் தாண்டி ஓடிவிடுகிறது. எஃப்ஃப்ளஷ் சார்புக்குள் எஸ்டிடிஇன் (விசைப்பலகையிலிருந்து உள்ளே வரும் வழி) என்று போட்டேன். வகுப்பிலுள்ள பழைய விண்டோஸ் கணினியில் சரிவந்தது, என் லினக்ஸில் சரிவரவில்லை. தோழி சொன்னாள் என்று %சி-க்கு முன்னால் ஓர் இடைவெளி விட்டேன்; சரியாகிவிட்டது. ஏன் என்று அவளுக்கும் தெரியவில்லை. பைதன் இருக்கும்போது இந்த மொழியை எதற்காகப் படிக்க வேண்டும்? திரையில் எழுதும் பிரிண்ட்எஃப் தமிழில் எழுதுமா?

ஒரு மாணவி

*

அன்புள்ள பிள்ளைக்கு,

பைதன் கேள்விக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. புட்டு இருக்கும்போது இடியப்பம் எதற்கு என்று யாராவது எனக்குக் கடிதம் எழுதுகிறார்களா?

எஃப்ஃப்ளஷ் விடயத்தில் உமக்கு ஏச்சு உண்டு. வெளியே போகவேண்டிய எழுத்துகளைத் தள்ளிவிடுவதற்கான சார்பு அது. உள்ளே வருவதன் மீது அதை ஏவினால் என்ன நடக்கும் என்று மொழியின் தரநூல் எந்த உறுதியும் தரவில்லை. ஒரு கணினியில் ஓடிவிட்டது என்பதற்காகக் கொப்பியில் 'சரி' போட்டுவைத்தீரே, அதுதான் குற்றம்.

ஆனால் 'தாண்டி ஓடிவிடுகிறது' என்று எழுதியிருக்கிறீர் பாரும், அந்தச் சொல்தான் என்னை இருந்து பதில் எழுத வைத்தது. நிரல் எங்கும் ஓடவில்லை, பிள்ளை. எண்ணை அடித்துவிட்டு என்டர் விசையைத் தட்டினீர் அல்லவா? அந்தத் தட்டலும் ஓர் எழுத்துத்தான். %டி தனக்கு வேண்டிய எண்ணை எடுத்துக்கொண்டு அதை வாசலிலேயே விட்டுவிட்டது. அடுத்து வந்த %சி, வாசலில் கிடந்ததை எடுத்துக்கொண்டு போய்விட்டது. அது கேட்டது ஓர் எழுத்து, கிடைத்ததும் ஓர் எழுத்து. உமது இடைவெளிக்குப் பிறகு வருகிறேன்.

போன கிழமை இணையத்தில் ஒரு விண்ணப்பம் நிரப்பினேன். பெயருக்கு முன்னால் தகப்பனாரின் முதலெழுத்தைப் போட்டுப் புள்ளி வைத்தால் ஏற்கமாட்டேன் என்றது. புள்ளியை எடுத்தேன், இடைவெளியையும் எடு என்றது. அன்றிலிருந்து அம்மப்பாவின், அதாவது அம்மாவின் தகப்பனாரின், நினைவாகவே இருக்கிறேன். அவருடைய பெயர் சிவபாதசுந்தரம். கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவர்.

யாழ்ப்பாணம் போகும் ஏ-9 பாதை 2002இல் திறந்த பிறகு மாமா கொழும்பிலிருந்து பழைய கணினி ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் சி நிரல் எழுதி ஓட்டும் டர்போ சி இருந்தது. நீலத் திரையில் நான் எழுதிய முதல் 'பெரிய' நிரல், பெயரையும் வயதையும் கேட்டு வணக்கம் சொல்வது. பெயருக்கு %எஸ், வயதுக்கு %டி. அம்மப்பாவைக் கூப்பிட்டுக் கதிரையில் இருத்தினேன். ஒற்றை விரலால் ஆங்கில எழுத்துகளைத் தேடித் தேடி அடித்தார். முறைப்படி தகப்பன் கந்தையாவின் 'கே', புள்ளி, ஓர் இடைவெளி, பிறகு தன்னுடைய பதினெட்டு எழுத்துகள். என்டரைத் தட்டினார். வயதை அடிக்க விடாமலே திரை சொன்னது: வணக்கம் கே. உங்கள் வயது 8734.

அவர் கோபிக்கவில்லை. "தம்பி, நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லையே" என்றார். பிறகு யோசித்துவிட்டு, "என் ஐயாவை உள்ளே எடுத்துவிட்டு என்னை வெளியே நிற்பாட்டிவிட்டது" என்றார்.

உண்மையில் நடந்ததும் அதுதான். %எஸ் இடைவெளி கண்ட இடத்தில் நின்றுவிடும். 'கே' புள்ளியோடு பெயர் முடிந்துவிட்டது. வாசலில் நின்ற சிவபாதசுந்தரத்தை வயது என்று நினைத்து %டி எட்டிப் பார்த்தது, இலக்கம் இல்லை என்று கைவிட்டது. வயதுக்கென்று ஒதுக்கிய இடத்தில் முன்பு கிடந்த குப்பைதான் அந்த 8734.

%எஸ்-க்குப் பதிலாகக் கெட்ஸ் என்ற சார்பைப் போட்டு முழு வரியையும் வாங்கினேன். அதற்கு எங்கே நிறுத்துவது என்றே தெரியாது. எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்காமல் கொட்டிக்கொண்டே போகும். 1988 நவம்பரில் மொரிஸ் புழு என்ற, தானாகப் பரவும் நிரல் இணையத்தில் பரவிய வழிகளில் ஒன்று, 512 பைட்டு இடத்துக்குள் கெட்ஸ் கொட்டிய வழிதான். 2011ஆம் ஆண்டுத் தரத்தில் அதைத் தூக்கியே எறிந்துவிட்டார்கள். நீர் எஃப்கெட்ஸ் பாவியும், எவ்வளவு இடம் என்று அதற்கு அளவைச் சொல்லிவிடும். அளவு என்றதும் உமது தமிழ்க் கேள்வி: பிரிண்ட்எஃப் தமிழில் எழுதும், நிரல் ஓடும் முனையம் யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் இருந்தால். ஆனால் தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் மூன்று பைட்டு; காலும் புள்ளியும்கூடத் தனிக் குறிகள். சிவபாதசுந்தரம் என்ற ஒன்பது எழுத்துப் பெயரில் 14 குறி, ஆக 42 பைட்டு, முடிவைக் காட்ட இன்னும் ஒன்று. பெயர் கேட்கும் நிரல் எழுதினால் நீர் 20தான் ஒதுக்குவீர் என்று பந்தயம் கட்டுகிறேன்.

சரி, பெயர் முழுவதாக வந்துவிட்டது. இப்போது வயது கேட்டது. அம்மப்பா 'எழுபத்தாறு' என்று ஆங்கிலச் சொல்லால் அடித்தார்! சங்கக்கடைப் பழக்கம்: தொகையை எழுத்தில் எழுதினால்தான் யாரும் மாற்றமுடியாது. மறுபடியும் குப்பை எண்.

இங்கேதான் நான் திரும்பத் திரும்பச் சொல்வேன், சலித்துக்கொள்ளாமல் கேளும். ஸ்கான்எஃப் வெறுங்கையோடு திரும்புவதில்லை. எத்தனை பொருளை உள்ளே எடுத்தேன் என்று எண்ணிக்கை சொல்கிறது. ஒன்று கேட்டு ஒன்று கிடைத்தால் 1, அடித்தது பொருந்தாவிட்டால் 0. அந்த எண்ணை யார் பார்க்கிறீர்கள்? லொறிக்காரன் துண்டில் 20 மூட்டை அரிசி என்று இருந்தாலும், அம்மப்பா மூட்டை மூட்டையாகத் தொட்டு எண்ணாமல் கையெழுத்து வைத்ததே இல்லை. மழை பெய்தாலும் எண்ணுவார், லொறிக்காரன் முணுமுணுத்தாலும் எண்ணுவார். நீங்கள் எல்லாரும் துண்டைப் பார்த்துக் கையெழுத்து வைக்கிறவர்கள். உம்முடைய நிரலை அனுப்பியிருந்தீர், பார்த்தேன். மூன்று ஸ்கான்எஃப், ஒன்றின் விடையைக்கூட நீர் வாங்கிப் பார்க்கவில்லை. விண்ணப்பங்களில் புள்ளி வைக்காதே என்று என்னை விரட்டுகிறவர்களும் இப்படி எண்ணாமல் வளர்ந்த பிள்ளைகள்தான் என்று நினைக்கிறேன். பிழையாகவும் இருக்கலாம், போகட்டும்.

சி மொழிக்குக் கெர்னிகனும் ரிச்சியும் 1978இல் எழுதிய புத்தகம் உலகத்துக்கு வணக்கம் சொல்லித் தொடங்குகிறது. ஆனால் முதல் அத்தியாயத்தில் உள்ளே வாங்குவதை எழுத்தெழுத்தாகத்தான் பழக்குகிறார்கள். ஸ்கான்எஃபை விளக்குவது ஏழாம் அத்தியாயத்தில். நம்முடைய வகுப்புகளில் இரண்டாம் நாளே வந்துவிடுகிறது.

நானும் அன்றைக்கு எண்ணத் தொடங்கினேன், அரைகுறையாக. 1 வராவிட்டால் மறுபடி வயதைக் கேள் என்று ஒரு சுற்றுக்குள் போட்டேன். அம்மப்பா மறுபடியும் சொல்லால்தான் அடித்தார். திரை முழுக்க வயது, வயது, வயது என்று ஓடத் தொடங்கியது. வாசலில் கிடந்த எழுபத்தாறை யாரும் அப்புறப்படுத்தவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் %டி அதையே பார்த்து அதையே மறுத்தது. அம்மப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "இவ்வளவு அவசரமா இதற்கு?" என்றார். கரண்டை நிற்பாட்டினேன்.

உமது இடைவெளி இதுதான்: வெற்றிடமோ என்டரோ வாசலில் எது கிடந்தாலும் கூட்டித் தள்ளிவிட்டு அடுத்த எழுத்தை எடு என்று அர்த்தம். %டி-யும் %எஸ்-உம் தாமாகவே கூட்டிக்கொள்ளும், %சி கூட்டாது. ஆனால் எழுபத்தாறை எந்த இடைவெளியாலும் கூட்டமுடியாது. எஃப்கெட்ஸால் வரியை முழுதாக வாங்கி, அதிலிருந்து எஸ்ஸ்கான்எஃப் கொண்டு பிரித்து எடும். 1 வராவிட்டால் அந்த வரியை எறிந்துவிட்டுப் புது வரி கேளும்.

மறுநாள் காலை தேத்தண்ணீரோடு அறை வாசலில் நின்று அம்மப்பா கேட்டார்: "நேற்றுக் கேட்டதே, அது இன்னும் கேட்டுக்கொண்டா இருக்கிறது?"