இரும்பு மாத்திரைக்கு ஏறாத ஹீமோகுளோபின்: இனி பார்க்க வேண்டியது கணவரின் ரிப்போர்ட்

கேள்வி: வயது 27, எட்டு வாரக் கர்ப்பம். ரத்தசோகை என்று சொல்லி இரண்டு வருடமாக இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறேன், ஹீமோகுளோபின் 11.2-ஐத் தாண்டவே இல்லை. இப்போது டெஸ்ட் எடுத்துவிட்டு ‘தலசீமியா மைனர்’ என்கிறார்கள். குழந்தைக்கும் வருமா? கணவர் என் அத்தை மகன்தான், நல்ல ஆரோக்கியமாக இருக்கிறார், அவருக்கும் டெஸ்ட் அவசியமா?

பதில்: அவசியம். இந்த வாரமே எடுத்துவிடுங்கள், காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ரிப்போர்ட். எம்சிவி (சிவப்பணுவின் சராசரி அளவு) 64, சிவப்பணு எண்ணிக்கை 56 லட்சம், ஃபெரிட்டின் (உடலின் இரும்புக் கையிருப்பு) 140, ஹெச்பிஏ2 (ஹீமோகுளோபினில் ஒரு வகை) 5.4 சதவீதம். ஹீமோகுளோபினுக்கு இரும்பும் வேண்டும், குளோபின் என்கிற புரதமும் வேண்டும். உங்களுக்கு இரும்பு இருக்கிறது, குறைவது குளோபினில் ஒரு வகையான பீட்டா குளோபின். மாவு குறைவாக இருக்கிற வீட்டில் மினி இட்லியாக ஊற்றி எண்ணிக்கையைக் கூட்டுவதுபோல, எலும்பு மஜ்ஜை சின்னச் சின்ன அணுக்களை நிறையச் செய்து சமாளிக்கிறது. இரும்புக் குறைபாட்டிலும் அணு சிறுத்துத்தான் போகும், ஆனால் எண்ணிக்கையும் சேர்ந்து இறங்கிவிடும். எம்சிவியை எண்ணிக்கையால் (மில்லியன் கணக்கில், அதாவது 5.6) வகுத்துப் பாருங்கள், 11.4 வருகிறது. 13-க்குக் கீழே வந்தால் தலசீமியா பக்கம் சந்தேகம் போக வேண்டும். இது வெறும் துப்புதான். ஹெச்பிஎல்சி பரிசோதனையில் (ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பது) ஹெச்பிஏ2 3.5-ஐத் தாண்டியிருப்பதுதான் உங்களை பீட்டா கேரியர், அதாவது பீட்டா தலசீமியா மரபணுவைச் சுமப்பவர், என்று உறுதிப்படுத்துகிறது. இரண்டு வருடம் மாத்திரை கொடுத்தவர்கள் சிபிசியில் (ரத்த அணுக்களின் முழுப் பரிசோதனை) சிவப்பணு எண்ணிக்கை வரியைப் பார்த்திருந்தால் போதும், சரி, அதை விடுங்கள்.

இது உங்களுக்கு நோய் இல்லை, நாளைக்கு தலசீமியா மேஜர் என்கிற கடுமையான வகையாக மாறவும் மாறாது. கர்ப்பத்தில் ஹீமோகுளோபின் இன்னும் கொஞ்சம் இறங்கலாம். ஃபோலிக் ஆசிட் தொடருங்கள். இரும்பு எவ்வளவு வேண்டும் என்பதை ஃபெரிட்டினைப் பார்த்து உங்கள் டாக்டர் முடிவு செய்யட்டும்.

இப்போது கணவர். அவரிடம் இந்த மரபணு இல்லை என்றால் குழந்தை அதிகபட்சம் உங்களைப்போல ஒரு கேரியர், அதற்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புதான். அவரும் கேரியர் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு தலசீமியா மேஜருக்கு, அந்தக் குழந்தைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டிவரும். முதல் குழந்தை தப்பித்தது, அடுத்ததும் தப்பிக்கும் என்று இதில் கணக்குப் போட முடியாது. நம் நாட்டில் பொதுவாக நூறு பேரில் மூன்று நான்கு பேர் கேரியர். உங்கள் விஷயம் வேறு: மரபணு உங்கள் அப்பா வழியாக வந்திருந்தால் அத்தையிடமும் இருக்கலாம், அத்தையிடமிருந்து மகனுக்கும் போயிருக்கலாம். மூன்று படியிலும் பாதிக்குப் பாதி வாய்ப்பு, பெருக்கிப் பார்த்தால் குறைந்தது எட்டில் ஒன்று. ‘ஆளைப் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறார்’ என்பது இங்கே செல்லாது, நீங்களும் நன்றாகத்தானே இருக்கிறீர்கள்!

அவருக்கு சிபிசி, ஹெச்பிஎல்சி இரண்டும் எடுங்கள். ரிப்போர்ட்டில் ஹெச்பிஇ அல்லது சிக்கிள் (ஹீமோகுளோபினின் வேறு மாறிய வகைகள்) என்று வந்தாலும் அதைச் சாதாரணமாக விடாதீர்கள், பீட்டாவோடு சேர்ந்தால் அவையும் குழந்தைக்கு நோயாகலாம். ஹெச்பிஏ2 சரியாக இருந்து எம்சிவி 80-க்குக் கீழே, எம்சிஹெச் (ஒரு சிவப்பணுவில் உள்ள சராசரி ஹீமோகுளோபின்) 27-க்குக் கீழே என்று வந்தால் அப்படியே மூடி வைக்காமல் டிஎன்ஏ பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இரும்புக் குறைபாடு ஹெச்பிஏ2-வைக் கொஞ்சம் இறக்கிக் காட்டும், சமீபத்தில் ரத்தம் ஏற்றியிருந்தாலும் குழப்பும்.

குழந்தைக்கு மரபணுப் பரிசோதனை என்பது இருவரும் கேரியர் என்றால்தான். முதலில் உங்கள் இருவரிடமும் எந்த மரபணு மாற்றம் என்று கண்டுபிடிக்க வேண்டும், அப்புறம்தான் 11 முதல் 13 வாரத்துக்குள் நஞ்சுக்கொடித் திசுவைத் துளி எடுத்துக் குழந்தைக்குப் பார்க்க முடியும். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் செய்கிறார்கள். எட்டாவது வாரத்தில் இருக்கிறீர்கள், கையில் இருப்பது மூன்று வாரம், அதனால்தான் இந்த வாரமே என்றேன். தவறினால் 16 வாரத்துக்கு மேல் பனிக்குட நீரிலும் பார்க்கலாம், ஆனால் முடிவெடுக்க நேரம் குறைந்துவிடும்.

உங்கள் தம்பி, தங்கைகளுக்கும் கல்யாணத்துக்கு முன்னால் ஒரு ஹெச்பிஎல்சி எடுக்கச் சொல்லுங்கள். கணவரின் ரிப்போர்ட் வந்ததும் எம்சிவி, எம்சிஹெச், ஹெச்பிஏ2 மூன்றையும் எழுதி அனுப்புங்கள்.